பதினேழாம் சிலைட்

வெள்ளவத்தை,
16.03.2025, ஞாயிறு.

என் பிரியமான ஜுமானா,

நோன்பும் பரந்தன் வெயிலும் சேர்ந்து உன்னை வாட்டிவிடாமல் இருக்க வேண்டும் என்ற நினைப்போடு தொடங்குகிறேன். இங்கே நான், லவன், ஹம்சிகா மூவரும் சுகம். இரண்டு கிழமைக்கு முன்னமே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. போனில் சொல்லலாம்தானே என்று லவன் கேட்டார். போனில் சொன்னால் நீ சிரித்துவிட்டு "விடுடி" என்பாய், அதோடு முடிந்துவிடும். எழுத்தில் இருந்தால் நீ இதைப் பேராதனையில் நம் முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கிற பேராசிரியர் சவுந்தரநாயகத்திடம் காட்டலாம். புதுச் சிலைட்டுகளும் சாயப் போத்தலும் வைத்த பெட்டியில், எல்லாவற்றுக்கும் மேலே இதை வைக்கிறேன். பார்சல் மேசையில் இருக்கிற தியாகராசா அண்ணர் இன்றைய பஸ்ஸில் ஏற்றிவிடுவார்.

முதலில் வீட்டுப் புதினம். ஹம்சிகாவுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது, நாலு பல். மேசையைப் பிடித்து எழும்பி நிற்கிறாள். அதனால் உன் நுணுக்குக்காட்டி இப்போது அலுமாரிக்கு மேலே. சிலைட்டில் விடுகிற எண்ணெய்ப் போத்தலை ஒருநாள் வாயில் வைத்துவிட்டாள். மூடி திறபடவில்லை, ஆனாலும் அன்று முழுக்க அவளுடைய வாயை மணந்து மணந்து பார்த்தேன். முந்தி ஒருமுறை நீ தவறுதலாக உண்ணிப் போத்தலையும் பெட்டியில் போட்டு அனுப்பினாயே, அதில் ஒன்று உயிரோடு நடந்து திரிந்தது. லவன் கதிரையில் ஏறி நின்றுகொண்டு, "என்னப்பா, இது உம்மட சிநேகிதி அனுப்பின சீதனமோ?" என்று கேட்டார். நான் அதை ஸ்பிரிட்டில் போட்டுவிட்டுப் பிள்ளையின் உடுப்பு எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் தோய்த்தேன். உன்னை நினைத்தும் பயம்தான். சப்பாத்தைக் கழற்றும்போது கணுக்காலையும் முழங்காலுக்குப் பின்பக்கத்தையும் பார்க்கிறாயா?

சரி, சுற்றி வளைக்காமல் வருகிறேன்.

பேராதனையில் படித்த நாட்களில் நீ சொல்வாய், மாடு தனக்கு என்ன நோவென்று சொல்லாது, அதன் இரத்தம் சொல்லும் என்று. நாங்கள் எல்லோரும் சோதனைக்காகப் படித்தோம், நீ ஒருத்திதான் அதை நம்பினாய். ஹம்சிகா வயிற்றில் இருக்கும்போது நான் வேலையை விட்டேன். இனி இந்தப் படிப்பு எனக்கு எதற்கு என்று நான் புலம்பிய நாளில், உன் சொந்த நுணுக்குக்காட்டியை தெஹிவளையிலிருந்து திறீவீல் ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தாய். "நான் மாட்டில் இரத்தம் எடுத்து ஒருக்கா பார்ப்பேன். நீ எனக்குத் தெரியாமல் ரெண்டாந்தரம் பார். உன்ட கண் மறக்காதுடி" என்றாய். அதிலிருந்து ஒவ்வொரு கிழமையும் பரந்தனிலிருந்து பஸ்ஸில் ஒரு பெட்டி வருகிறது. அது வருகிற காலையில் நான் தலை வாரி, நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு, பஸ் வந்து நிற்கிற காலி வீதிக்கு இறங்குவதைப் பார்த்து லவன் சிரிப்பார்.

நீ வகுத்த விதி இரண்டும் எனக்கு மனப்பாடம். ஒருவர் கண்டதை மற்றவர் அறியக் கூடாது. உண்ணிக் காய்ச்சல் கிருமி ஒன்றே ஒன்று கண்ணில் பட்டாலும், தாள் பேராசிரியருக்குப் போகுமுன் உனக்குப் போன் எடுக்க வேண்டும், ஏனென்றால் அந்த இரத்தத்துக்குப் பின்னால் ஒரு மாடு நிற்கிறது. நான் இரண்டையும் மீறினேன், ஜுமானா.

பெப்ரவரி இருபத்தாறாம் தேதி. பெட்டியில் இருபத்திரண்டு சிலைட். பதினேழாவதில் நூறு இடம் பார்த்து ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் என்று தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு செங்குழியத்துக்குள்ளே இரண்டு கிருமி, நுனி சேர்ந்தபடி. பாடப் புத்தகப் படத்தைப் போல இல்லை, மங்கலாக. சாயத் தூளோ என்று திருகிப் பார்த்தேன். தூள் என்றால் குழியத்துக்கு மேலே மிதக்கும், இது உள்ளே இருந்தது. கிருமி உள்ள குழியம் ஒன்று என்று, பென்சிலால் "1" எழுதினேன். ஹம்சிகா அழுதாள், தூக்கினேன், அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பவும் பார்த்தேன். ஒன்றே ஒன்று. வேலையை விட்டு ஒன்றரை வருடமான என் கண்ணை நம்பி உன்னைப் பதறவைக்கவா என்று யோசனை வந்தது. உன் முடிவுத் தாளை நீ மடித்து ஒட்டிப் பெட்டியின் அடியில் வைத்து அனுப்புவாயல்லவா, பேராசிரியருக்கென்று. வெக்கையில் ஒட்டு இளகியிருந்தது. இளகியிருந்தது என்பது சாட்டு. நான்தான் பிரித்தேன்.

பதினேழுக்கு நேரே நீ "இல்லை" என்று எழுதியிருந்தாய்.

எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்ல. ஜுமானாவே இல்லை என்றால் இல்லைதான் என்று, என் "1" ஐ அழித்துவிட்டு நானும் "இல்லை" என்று எழுதினேன். ஒட்டைத் திரும்ப ஒட்டினேன். அடுத்த நாள் பெட்டி பேராதனைக்குப் போய்விட்டது.

பிறகு நீ மார்ச் ஐந்தாம் தேதி போன் எடுத்தாய். முதல் நாள் நாகேஸ்வரி அக்காவின் ஜேர்சி மாடு சிவப்பாக மூத்திரம் பெய்ததாகவும், நீ ஓடிப்போய்க் காது நுனியில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்ததாகவும், குழியத்துக்குக் குழியம் கிருமி நின்றதாகவும், உடனே ஊசி போட்டதாகவும் சொன்னாய். அதுதான் பதினேழு என்றாய். "நாங்க ரெண்டு பேருமே காணேல்லடி. அப்ப பிழை கண்ணில இல்ல, முதல் தரம் கழுத்து நரம்பில எடுத்த இரத்தத்திலதான். இது பெரிய விஷயம், எழுத வேணும்" என்று எவ்வளவு உற்சாகமாகக் கதைத்தாய். நான் "ஓம், ஓம்" என்றேன். அந்த இரண்டு ஓமையும் நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

நீ என்னிடம் சொல்லாமல் விட்டதை வெள்ளிக்கிழமை தியாகராசா அண்ணர் சொன்னார். பார்சல் மேசைக்காரர் என்று மட்டும்தான் அவரை இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன், நாகேஸ்வரி அக்காவின் கூடப்பிறந்த தம்பியாம். நான் கையெழுத்துப் போடும்போது, "பிள்ளை, இது உங்கட டொக்டர் பிள்ளையின்ர பெட்டிதானே? அக்கான்ர மாடு தப்பி நிக்குது. வயித்துக் கண்டுதான் போச்சுது, ஏழு மாசம்" என்றார். அவர் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டே போனார். நீ நோன்போடு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், மத்தியானம் முழுக்க அந்த மாட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருந்ததையும், கன்று விழுந்த பிறகு அயலட்டை எல்லாம் கூடிநிற்க நீ அக்காவின் முன்னால் நின்று, "முதல் தரம் பார்த்தது நான்தான், தப்பு என்னோடதுதான், மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று சொன்னதையும் சொன்னார். "மாட்டு டொக்டர் ஒராள் மன்னிப்புக் கேட்டு நான் என்ர சீவியத்தில கேள்விப்படேல்ல. அக்கா ஏசத்தான் வாய் திறந்தவ, பிறகு அழுதிட்டா. இப்ப அந்த ஒழுங்கை முழுக்க, பதினொரு வீடு, மாடு பிடிச்சுக்கொண்டு வருகுதுகள், எங்கட மாட்டிலயும் எடுங்கோ எண்டு" என்றார்.

இரத்தம் எடுத்தால் பால் வற்றிவிடும் என்று சொல்லி, நாகேஸ்வரி அக்காவைத் தவிர யாரும் படலையைக்கூடத் திறக்காமல் உன்னைத் திருப்பி அனுப்பிய ஒழுங்கை அது. நோட்டீஸ் ஒட்டினாய், கூட்டம் வைத்தாய், ஒன்றுக்கும் அசையாத சனம். உன் பிழையை நீ மறைக்கவில்லை என்ற ஒன்றுக்காக மாட்டைக் கயிற்றோடு கொண்டுவருகிறார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் இறங்கி, ரயில் பாதை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். உன்னைப் போல ஒருத்தி எனக்குச் சிநேகிதி என்ற பெருமையும், உன்னை அப்படி நிற்கவைத்தவளே நான் என்ற வெட்கமும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டன.

ஏனென்றால் அது உன் பிழை இல்லை. நீ பார்த்த இடத்தில் உண்மையாகவே இருந்திராது. இரண்டாம் ஆள் எதற்கு, முதல் ஆளுக்குத் தப்பியதைப் பிடிக்கத்தானே. அன்று நான் போன் எடுத்திருந்தால் நீ அடுத்த நாளே போய்க் காதில் குத்தியிருப்பாய். ஆறு நாள், ஜுமானா. அந்த ஆறு நாளில் கன்று தப்பியிருக்குமா என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. ஆனால் அந்த ஆறு நாளை எடுத்தது நான்.

இனி இதைக் கவனமாக வாசி. அந்தச் சிலைட் வெறும் சிலைட் இல்லை. கழுத்து இரத்தம் காட்டவே இல்லை என்று எழுதினால் அது பொய்யாகும்: அரிதாகக் காட்டியது, காது நிறையக் காட்டியது, அவ்வளவுதான். "1" ஐ அழிக்க முன்னம், நுணுக்குக்காட்டி மேடையின் அளவுகோலில் நின்ற எண்களை ஹம்சிகாவின் கிளினிக் அட்டைக்குப் பின்பக்கம் குறித்திருந்தேன்: 42.6, 11.3. பேராசிரியரின் நுணுக்குக்காட்டியில் இது கொஞ்சம் தள்ளிப்போகும். இரத்தப் பூச்சு மெலிந்து முடிகிற நாக்கு இருக்கிறதே, அதன் இடது ஓரத்தில் தேடச் சொல். இருந்தால் என் கண் சரி, நான் பிழை. இல்லாவிட்டால் இரண்டும் பிழை. எதுவானாலும் அந்தப் பெட்டிக்கு என் வாசிப்பு முழுவதையும் வெட்டிவிடு. மற்றப் பெட்டிகளில் உன் தாளை நான் தொட்டதில்லை, ஆனால் அதை நீ நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவற்றையும் வேறு ஆளை வைத்துப் பார்க்க வேண்டும் என்று பேராசிரியர் சொன்னால் வை. நான் கோபிக்க மாட்டேன். அழுவேன், அது வேறு கதை.

வெள்ளிக்கிழமை வந்த பெட்டியை நான் திறக்கவில்லை. ஒட்டின ஒட்டோடு அப்படியே இருக்கிறது. அதற்குள் அந்தப் பதினொரு வீட்டு மாடுகள் இருக்கின்றன என்று தெரியும். அவை கனநாள் காத்திருக்கக் கூடாது. யாருக்கு அனுப்புவது என்று நீ சொல்லும் வரை தொட மாட்டேன்.

நாகேஸ்வரி அக்காவுக்கு நீ எதுவும் சொல்ல வேண்டாம். இந்தப் பெட்டியைக் கொடுக்கும்போது தியாகராசா அண்ணரிடம் நம்பர் வாங்கி நானே கதைக்கப்போகிறேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. நீ எப்படித் தொடங்கினாய்?

நோன்பு திறக்கும்போது வெறும் பேரீச்சம்பழத்தோடு நிறுத்தாமல் கஞ்சியும் குடி. வெயிலில் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டு. நீ கும்பிடுகிறவனும் நான் கும்பிடுகிறவனும் அந்த மாட்டுக்கு அடுத்த வருடம் ஒரு கன்று கொடுக்கட்டும். எனக்கு நீ மன்னிப்புத் தர வேண்டும் என்று இப்போது கேட்கவில்லை. பெட்டி நாளைக் காலையில் வந்து சேரும். வாசித்தவுடன் ஒரு கோல் எடு. திட்டுவதற்காவது எடு.

உன் இரண்டாம் ஆளாக இருந்த,
யதுஷா