படகு, பென்சில், எலுமிச்சை

உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூட்டை இன்று துடைக்க எடுத்தேன். உள்துணிக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள். என் கையெழுத்து: படகு, பென்சில், எலுமிச்சை. நீங்கள் போய் இரண்டு வருடமாகியும் மை மங்கவில்லை.

காலையில் எழுந்ததும் தலைவலி என்பீர்கள். நடந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். திருவெறும்பூர் தொழிற்சாலையில் முப்பது வருடம் வரைபடம் போட்ட நீங்கள், சட்டைப் பொத்தானை எந்தத் துளையில் மாட்டுவது என்று நின்று யோசித்தீர்கள். ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் காபி ஆறிவிடும். கவனக்குறைவு என்று நான் அதட்டினேன்.

டாக்டர் அந்த மூன்று சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துக் கேட்டபோது ஒன்றுகூட உங்களுக்கு வரவில்லை. அடுத்த மாதம் இன்னொரு முறை பார்த்துவிட்டு ஸ்கேன் பற்றி முடிவு செய்யலாம் என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. கான்வென்ட்டில் நான் எந்தப் பாடத்தையும் தப்பாக ஒப்பித்தவள் இல்லை. அந்த மாதம் முழுவதும் உங்களை விடவில்லை. கிழமை, தேதி, தாளில் எழுதிக் கொடுத்த அந்த மூன்று சொற்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து போன பஸ் காவிரிப் பாலம் ஏறும்போதும் கேட்டேன்.

"சரிங்க மதர், சொல்லிடறேன்," என்றீர்கள். கல்யாணமான புதிதில் என் கண்டிப்புக்கு நீங்கள் வைத்த பெயர் அது. பின் சீட்டுப் பெண் சிரித்தாள்.

டாக்டரிடம் அதே கேள்விகள்தான். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னீர்கள். வயதுதான் காரணம் என்று டாக்டர் ஸ்கேனைத் தள்ளிவைத்தார். நான் நிமிர்ந்து படியிறங்கினேன்.

எட்டு மாதம் கழித்து, நீங்கள் குளியலறையில் விழுந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டைக்குள் நீர் தேங்கி வெகுநாளாக மூளையை அழுத்தியிருக்கிறது என்றார்கள். குழாய் வைத்து நீரை இறக்கியதும் தலைவலி போனது, நடையும் ஓரளவு சீரானது. யோசனை மட்டும் பழையபடி திரும்பவில்லை. முன்பே தெரிந்திருந்தால் என்று தொடங்கிய டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உங்களை ஒப்பிக்கவைத்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் மன்னிப்பும் கேட்கவில்லை.

அடுப்பை அணைக்க இரண்டு முறை மறந்ததால், போன வாரம் அவரிடமே தனியாகப் போனேன். வேறு மூன்று சொற்கள். இரண்டு வந்தன. மூன்றாவதற்குப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அதில் என் கைப்பை இருந்தது.

"மூணாவது தெரியல, டாக்டர்," என்றேன். பிறகு அந்த ஒரு மாதத்துக் கதையையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்.

நாளை எனக்கு ஸ்கேன். பஸ் பாலம் ஏறும்போது என்னைக் கேள்வி கேட்க ஆளில்லை. தாளை இருந்தபடியே நான்காக மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.