விலை வெட்டக் கூப்பிட்ட மகளுக்கு

ஹெங்யாங்
நவம்பர் 17, ஞாயிறு

மகள் லானியிங்குக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிறோம், மழையும் இருமலும் போக உடம்புக்குக் குறையில்லை, தாலியன் குளிரில் நீயும் குறையில்லாமல் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். வைத்துக்கொள்ளத்தான் முடியும், கோடையில் பேசியவள் அதன் பிறகு பேசவில்லை. குரல் செய்தி அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய், அதனால்தான் காகிதம்.

போன ஞாயிறு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது உன் செய்தி வந்தது, பதினொரு நொடி. சாப்பிட்டாச்சா என்றுகூடக் கேட்கவில்லை. "அப்பா, அந்த லிங்கை ஒரே ஒரு தட்டு தட்டுங்க, விலை குறையும், மத்தவங்க எல்லாம் பழைய ஆளுங்க, பத்துக் காசு இருபது காசுதான் வெட்ட முடியுது, நம்ம வீட்டுல நீங்க ஒருத்தர்தான் புது ஆளு, உங்க வெட்டுதான் பெருசு, நாளைக்கு நாலு மணிக்குள்ள" என்றாய். தெரிந்தவர்கள் தட்டத் தட்ட விலை குறைக்கும் அந்தக் கடைச் செயலியைக் கைபேசியில் ஏற்றமாட்டேன் என்று ஆறு வருடம் நான் பிடித்த பிடிவாதத்தை நீயும் அம்மாவும் கேலி செய்தீர்கள், இப்போது அதற்குத்தான் சந்தையில் மதிப்பு. சரி, ஏற்றினேன். சக்கரம் சுற்றியது, காசு மழை பொழிந்தது, அப்புறம் நீ வாங்கும் பொருள் திரையில் வந்தது. மரத் தொட்டில். உன் அலுவலகத் தோழி யாருக்காவது பரிசாக இருக்கும் என்று அரைமணி நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு முட்டாள் நான். சமையலறையில் மிளகாய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டதற்கு அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அஞ்சு மாசம். உங்ககிட்ட சொன்னா சந்தோஷப்படவா போறீங்க, எனக்கு ஏன் முதல்ல சொல்லலை, யார் மேல தப்புன்னுதானே கேப்பீங்க, அதான் சொல்லலை" என்றாள். ஐந்து மாதம் ஒரே மேசையில் சோறு தின்றவள். நான் தாத்தாவாகப் போகிற சேதியை எனக்குச் சொன்னது ஒரு தள்ளுபடி விளம்பரம்.

அதோடு போயிருந்தால் தட்டியிருப்பேன். உனக்காக வெட்டியவர்கள் பட்டியல் கீழே ஓடியது, அதில் மூன்றாவது ஆளாகத் தங்கமீன் முகப்புப் படத்தோடு உன் பெரியப்பா, அவர் வெட்டியது இருபது காசு. ஒன்பது வருடத்துக்கு முன் தாத்தாவின் கல்லறைக் கல்லில் பேரப்பிள்ளைகள் பெயரைப் பொறித்தபோது உன் பெயரை விட்டது இதே பெரியப்பாதான். "பொண்ணு நாளைக்கு வேற வீட்டுக்குப் போறவ, கல்லுல அவளுக்கு எதுக்குடா இடம்" என்று அத்தனை உறவினர் முன்னாலும் சொன்னார், "அப்ப என் பேரையும் எடு" என்று நான் கத்தினேன், அன்றைக்கு எழுந்து வந்தவன் இன்றுவரை அவர் வீட்டில் ஒரு வாய் தேநீர் குடித்ததில்லை. உனக்காகத்தான். நீயோ தொட்டிலுக்குக் காசு குறைய அவரிடம் போய்க் கை நீட்டியிருக்கிறாய், எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கிறது, முதல் ஆளாக வாழ்த்தும் சொல்லியிருப்பார். நான் தட்டவில்லை. மறுநாள் நாலு மணி வரை கைபேசியை மேசையில் வைத்துக்கொண்டு கடிகாரம் குறைவதைப் பார்த்தேன், பூஜ்யம் ஆனதும் மூடினேன்.

தட்டியிருந்தாலும் உனக்குக் கிடைத்திருக்காது. தொண்ணூற்றொன்பது சதவீதம் வந்தாயிற்று, இன்னும் கொஞ்சம்தான் என்று செயலிக்காரன் காட்டுவான், அடுத்தவன் தட்டினால் அந்தக் கொஞ்சத்தில் பாதி குறையும், அடுத்தவன் தட்டினால் அதில் பாதி. மிச்சத்தில் பாதியை மட்டும் வெட்டிக்கொண்டே போனால் மிச்சம் தீரவே தீராது என்று என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து நூற்றுக்கு நூறு வாங்கினாய், படித்தது எங்கே போயிற்று? அதைவிட அவன் போட்ட விலையே பொய். எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது யுவான் என்று போட்டுவிட்டு அதிலிருந்து வெட்டச் சொல்கிறான். அந்தப் படத்தைக் கொடுத்துத் தேடினால் அதே மரம், அதே சக்கரம், அதே செயலியில் இன்னொரு கடையில் இருநூற்று அறுபத்தெட்டு. பெரிய தள்ளுபடி நாளில் பொருள் வாங்குகிறவள் ஒரு மாதம் முன்பிருந்தே விலையைக் குறித்துவைக்க வேண்டும், விற்பனைக்கு முந்தின வாரம் ஏற்றிவிட்டு அன்றைக்கு இறக்குவார்கள். முந்நூறுக்கு வாங்கினால் ஐம்பது தள்ளுபடி என்றதும் வேண்டாத சீப்பையும் துண்டையும் கூடையில் போடாதே. விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் கூப்பன் இருக்கும், அதைத் தொட்டு எடுத்தால்தான் குறையும். கடைக்காரரிடம் எழுதிக் கேள், கேட்டால் குறைப்பார்கள். நான் கேட்டேன். அந்தப் பெண் எனக்கு "செல்லம், உங்களுக்காகப் பத்து யுவான் குறைக்கிறேன், செல்லம்" என்று எழுதினாள், ஐம்பத்து மூன்று வயதில் என்னை யாரும் இப்படி அழைத்ததில்லை. பேசிப் பேசிக் கொசுவலையும் இலவசமாக வாங்கினேன். புது ஆளுக்கான கூப்பன் முப்பது, எல்லாம் போக இருநூற்று இருபத்தெட்டு. ஆறு வருடம் காத்த புதுமையை உன் லிங்கில் வீணாக்காமல் ஒழுங்காகச் செலவழித்தேன்.

வாங்கி முடிக்கும்போது முகவரி கேட்டது. அங்கேதான் கை நின்றது. நீ வசந்த காலத்தில் வீடு மாற்றியது தெரியும், எங்கே என்று தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னிடம் இருப்பது உன் அலுவலக முகவரி, இந்தக் கடிதமும் அங்கேதான் வருகிறது, தொட்டிலை அலுவலக வாசலுக்கு அனுப்ப முடியாது. நம் வீட்டு முகவரியைப் போட்டேன். வியாழக்கிழமை வந்து இறங்கியது. கூடத்தில் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன், போகும்போதும் வரும்போதும் முழங்காலில் இடிக்கிறது, உன் அம்மா அதைத் துடைத்துத் துடைத்துப் பெட்டியின் அட்டை தேய்ந்துவிட்டது. வந்து சேர்ந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பலாமாம், இன்று நாலாவது நாள். விரைவுத் தபாலில் போட்டால் இது நாளை மறுநாள் உன்னிடம் வந்துவிடும். நான் சாதாரணத் தபாலில்தான் போடப்போகிறேன், ஆறு நாள் ஆகும். நீ படிக்கும்போது திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கும், யார் நினைத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

உனக்கும் உன் வயிற்றில் இருப்பதற்கும் ஒரு கெடுதலும் அண்டாமல் இருக்கட்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசியைச் சொல். வழுக்குகிற செருப்புப் போடாதே. இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காதே. முகவரியை நீயே உன் வாயால் சொல், அம்மா மூலம் அனுப்பினால் வாங்கமாட்டேன். சொன்னால் நானே ரயிலில் கொண்டுவந்து பொருத்தித்தருகிறேன், திருகாணிகள் நாற்பத்திரண்டு, மாப்பிள்ளைக்கு வராது.

அப்பா
பெங் ஷாவ்ஹுவா