முப்பத்தாறாம் பாகத்தில் என் வாய்

அன்பு மகள் ஷூமினுக்கு,

இங்கே உன் அம்மா முழங்கால் வலியோடும் நான் என் ஓட்டை வாயோடும் சுகமாகவே இருக்கிறோம். ஆக்லாந்துக் குளிர் உன்னை எதுவும் செய்யாமல் இருக்கட்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை ஒரு ஜீவனும் நம்பாது என்று முதலிலேயே சத்தியம் செய்து தருகிறேன். நீயும் நம்ப வேண்டாம், உட்கார்ந்து படி, போதும்.

நான் ஒரு மந்திரியைக் கொன்றுவிட்டேன்.

நம் ஊர்ப் படப்பிடிப்பு அரண்மனையில் எடுத்த துப்பறியும் தொடரில் சுவடி அறைக் கிழவன் வேஷம் கிடைத்ததை முன்பே எழுதியிருந்தேனே, அதில்தான். துணை நடிகனாக நாற்பது பேரரசர்களுக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நின்றவன், எழுநூறு தடவை செத்தவன், முதல்முறையாகப் பெயருள்ள மனிதனானேன். கதைப்படி நிதி மந்திரிக்கு விஷம் வைத்தவர் பிரதம மந்திரி, இளவரசனை ஒழிக்க ராஜமாதாவோடு சேர்ந்து அவர் போட்ட சதி. மோதிரம், மருந்துச் சீட்டு, சேறு படிந்த காலணி என்று முப்பது பாகங்களாக அத்தனை தடயமும் அவர் வாசலுக்கே போகும். நானோ அவரைக் காட்டிக்கொடுக்கும் சுவடியை ஒளித்துவைத்துக் காத்த உத்தமன். அங்கேதான் திரைக்கு வெளியே இன்னொரு அரசவை கூடியது. பிரதம மந்திரியாக நடித்த பெய் ஹாங்யுவுக்குப் பால்பொடி விளம்பரம் வந்துவிட்டது, குழந்தைக்குப் பால் கொடுக்கிறவன் மந்திரிக்கு விஷம் கொடுக்கலாமா? அவனுடைய மேலாளர் அம்மாள் தயாரிப்பாளரைப் பார்த்தாள், தயாரிப்பாளர் எழுத்தாளனைப் பார்த்தார், எழுத்தாளன் தரையைப் பார்த்தான். மறுநாள் காலை நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது இயக்குநர் டாய் வந்து, "வாழ்த்துகள் கே ஐயா, கொலை பண்ணினது நீங்கதான்" என்றார். அப்போ அந்த மோதிரம், காலணியெல்லாம் என்ன கதி என்று கேட்டேன். "அதெல்லாம் யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா? சும்மா ஒத்துக்குங்க, இதனால உங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?" என்றார்.

ஷூமின், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பட்டு ஆலை மேலாளர் என்னிடம் சொன்னதும் இதே வார்த்தைதான். பன்னிரண்டு பட்டுச் சுருள்கள் காணாமல் போனது உனக்குத் தெரியும். வாசல் காவலாளி நான், திருடியது நானே என்ற ஒப்புதல் கடிதத்தில் இருந்த கையெழுத்தும் என்னுடையது. போடாவிட்டால் ஆலை கொடுத்த வீடு போய்விடும் என்றார். எனக்கு என்ன குறைந்தது என்பது, பள்ளிப் படிவத்தில் அப்பா பெயர் கேட்ட இடத்தில் உன் பெரியப்பா பெயரை நீ எழுதிய அன்று தெரிந்தது. நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சரி, கதைக்கு வா. இந்தத் தொடர்களில் குரலைப் பிறகு வேறு யாரோ கொடுப்பார்கள். அதனால் டாய், "வசனமெல்லாம் வேணாம், ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுங்க, வாய் அசைஞ்சா போதும்" என்றார். துப்பறியும் நீதிபதியின் முன்னால் மண்டியிட்டேன். எண்ணவில்லை. சத்தம் வராமல், "கொன்றது பிரதம மந்திரி!" என்று உதட்டால் முழங்கினேன். ஒளிபரப்பான அன்று, என் உதட்டைப் படித்த மூன்று கோடிப் பேர் தெருவில் இறங்கினார்கள், நாட்டிலுள்ள பால்பொடியையெல்லாம் யாங்சி ஆற்றில் கொட்டினார்கள், அது பத்து நாள் வெள்ளையாக ஓடியது, மீன்கள் பன்றிக்குட்டி கனத்துக்குக் கொழுத்தன.

நம் தெருவுக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை போலும். டோஃபு கடை மா அக்கா, "கொலைகாரரே, தொட்டியில கை வைக்காதீங்க, நானே எடுத்துத் தரேன்" என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துத் தொலைக்கிறேன். உன் அம்மா, "மந்திரிக்கு விஷம் வைக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு என் காலுக்கு ஒரு வெந்நீர் வைக்கத் தெரியலையே" என்று கேட்கிறாள். கடுகுக்கீரை வற்றல் அனுப்பியிருக்கிறாள், ஈரத்தில் வைத்துவிடாதே. ராத்திரி வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொள். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, படித்த பிறகும் மனசு ஒப்பாவிட்டால் போடாதே.

நீ நூறு வயது நன்றாக இரு, நோய் நொடி உன் வாசல் பக்கம் வராதிருக்கட்டும்.

ஆறு வெள்ளையாகவில்லை, மகளே. ஒருவரும் என் உதட்டைப் பார்க்கவில்லை, பெய் ஹாங்யு பால்பொடி டப்பாவில் சிரித்துக்கொண்டிருக்கிறான். பிரதம மந்திரியைப் பற்றியும் நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எண்ணவில்லை என்றேனே, அந்தச் சின்ன இடம் மட்டும் நிஜம். முப்பத்தாறாம் பாகத்தில் நான் மண்டியிடும்போது சத்தத்தை அணைத்துவிட்டு என் வாயைப் பார், மறந்துவிடாதே. உன் பெயரில்தான் ஆரம்பிக்கும். "ஷூமின், அந்தப் பட்டுச் சுருளை அப்பா எடுக்கலம்மா."

இப்படிக்கு,
உன் அப்பா
கே ஷௌசன்