புள்ளியைப் பார்க்காதே

ராஸ் அல் கைமா
16.1.2004

அன்பு மகள் லக்சிகாவுக்கு,

நல்லூரான் துணையால் நான் இங்கே எழும்பி நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். ரொறன்ரோக் குளிரில் நீயும் மருமகனும் சின்னவளும் சுகமாய் இருக்க வேண்டும் என்பதுதான் என் நேர்த்தி. போனில் குரல் அடைத்திருக்கிறது, தடிமனோ அம்மா என்று கேட்டாய். தடிமன் இல்லை பிள்ளை. சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்தத் துப்பாக்கி கிளப்பில் பெண்கள் பக்கம் கூட்டித் துடைப்பதுதான் என் டியூட்டி என்று உனக்குத் தெரியும். அங்கே சுடப் பழக்குகிற எகிப்துக்காரி நாதியாவுக்கு உதவியாய் நின்ற பெண் கல்யாணத்துக்கு ஊர் போய்விட்டாள். அந்த இடத்துக்கு என்னைக் கேட்டார்கள். சுடுகிறவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவளுக்குச் சுடத் தெரிய வேண்டுமாம். விசா இவர்கள் கையில், மாட்டேன் என்று சொல்லப் பயந்து பழகினேன். பிஸ்டலுக்கு மேலே சின்னக் கண்ணாடி ஒன்று, அதற்குள் சிவப்புப் புள்ளி எரியும். முதலில் குண்டில்லாமல் சுவரைப் பார்த்துத் தூக்கித் தூக்கிப் பழக்கினாள். புள்ளி தெரியாவிட்டால் தலையை ஆட்டித் தேடாதே, பிஸ்டலைக் கண்ணுக்கு நேரே கொண்டுவா என்பாள். புள்ளி எல்லாருக்கும் நடுங்கும், அதை நிறுத்தப் பார்க்காமல் விசையை மெல்ல அமத்து என்பாள். அதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. ஒன்றுதான் வரவில்லை. இரண்டு கண்ணையும் திறந்து தூரத்து அட்டையைப் பார்க்க வேண்டும், புள்ளி தானாய் அதன்மேல் வந்து நிற்கும். அந்த அட்டை ஆள் மாதிரித் தலையும் தோளும் நெஞ்சுமாய் வெட்டினது, என்னால் பார்க்க ஏலவில்லை. புள்ளியையே பார்த்தேன், வெடியெல்லாம் எங்கெங்கோ போயிற்று. குமுதினி, புள்ளியைப் பார்க்காதே, அட்டையைப் பார் என்று நாதியா பொறுமையாய்ச் சொல்லிக்கொண்டே நின்றாள்.

போன செவ்வாய்க்கிழமை அட்டையைப் பார்த்தேன். ஐந்து வெடியும் நடு நெஞ்சில், ஒரு உள்ளங்கைக்குள். கலாஸ், பழகி முடிந்தது, இனி நீ என் ஆள் என்று நாதியா தோளில் தட்டினாள், நின்ற பெண்கள் கைதட்டினார்கள். எனக்குக் கிருபனைக் கடைசியாய்க் குளிப்பாட்டினதுதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. உன் தம்பிக்கும் நடு நெஞ்சில் ஒரேயொரு காயம். எங்கேயோ போன வெடி தவறிப் பட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், நீயும் நானும் அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருசம் இருந்தோம். அப்படிப் பட வேண்டுமென்றால் பார்த்திருக்க வேண்டும் பிள்ளை. சுட்டவன் யார், எந்தப் பக்கத்தவன் என்று எனக்குத் தெரியாது. ரியூசன் முடிந்து சைக்கிளில் வந்த என் பிள்ளையை அவன் நன்றாய்ப் பார்த்திருக்கிறான்.

பிஸ்டலை வைத்துவிட்டு, இனித் தொடமாட்டேன் என்று நாதியாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், மனேஜரிடம் போய்க் கெஞ்சியும் பார்த்தாள். சித்திரைக்குப் பிறகு விசா மாபி, இல்லை என்று சொல்லிவிட்டார். ஊருக்குத்தான் போகிறேன். என்னை அங்கே கூப்பிடச் சொல்லி நீ மருமகனோடு சண்டை பிடிக்காதே, அவர் நல்ல மனிசர்.

இதை உனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். வேறு யாரிடம் சொல்ல? நீ தவறிப் பட்டது என்றே நினைத்திரு, எனக்குத்தான் இனி அப்படி நினைக்க ஏலாது. சின்னவளுக்கு என் முத்தம், மூன்று பேரும் நீடூழி வாழ வேண்டும். மாசியில் தம்பியின் திவசம், அவன் பேரில் ஒரு பிள்ளைக்காவது வயிறாரச் சாப்பாடு கொடு.

உன் அம்மா
குமுதினி