வலப்பக்கம் தாவுகிறவர்கள்

27 ஆகஸ்ட் 2009, வியாழன்

காலையில் தூறல். கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே பயணம். பிரவுசிங் சென்டரைத் திறந்து பெருக்கி, திரைகளைத் துடைத்தாயிற்று. மூன்றாவது கம்ப்யூட்டரின் மவுஸ் மறுபடியும் தகராறு. மும்தாஜ் அக்கா (கடை அவருடையது) வருவதற்குள் கலெக்டர் ஆபீசுக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். விண்ணப்பம், ரிசல்ட், ஒரு ரயில் டிக்கெட்.

மதியம் ஆளில்லாத நேரத்தில் உலகத்தை முடித்துவிட்டேன். இந்த இணைய விளையாட்டில் ஆளுக்கொரு உலகம் கட்டிக்கொள்ளலாம். நாமெல்லாம் அதில் வட்ட முகங்கள். ஓடலாம், தாவலாம். ஒருவர் கட்டியதற்குள் எந்த நாட்டிலிருந்தும் யாரும் வந்து ஓடலாம். நான் கட்டியது நம் மலை.

பாறை பிளாக் (சிவப்பு) – மலை முழுக்க.
செங்கல் பிளாக் – கிரிவலச் சுற்றுப்பாதை.
அம்பு பிளாக் – மேலே வருகிறவரை அம்பு காட்டும் பக்கம் தூக்கிப்போகும். இது இல்லாமல் மலையைச் சுற்ற வழியில்லை.
காசு – ஒவ்வொரு லிங்கத்துக்கும் ஒன்று.
முள் – மலையோரம். குறுக்கே ஏறக் கூடாது.

கோயில் கிழக்கில் இருக்க வேண்டும். ஆனால் திரையின் அடியில்தான் ஆள் நிற்க முடியும். அதனால் கிழக்கைக் கீழே திருப்பிக்கொண்டேன். மலைக்குப் பின்பக்கம் இருக்கிற அடி அண்ணாமலை மேலே போய்விட்டது. பரவாயில்லை.

பக்கத்து ஜெராக்ஸ் கடை கோமதி ஒரே மூச்சில் சுற்றி வந்தாள். காலேஜிலும் எல்லாவற்றிலும் அவள்தான் முதலில் கை தூக்குவாள். ஹால் டிக்கெட் எடுக்க வந்த பெண்கள் இரண்டு பேரும் சுற்றினார்கள். ஒருத்தருக்கும் நான் வழி சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

'வெளியிடு' அழுத்தினேன்.

வீட்டில் அப்பா: "இன்னிக்கு இன்னாம்மா வேலை?"
"ஒரு மலை கட்னேன்பா."
"மழை பெஞ்சா ஒழுவாம பாத்துக்க."
உரித்துத் தின்ன வறுத்த மல்லாட்டை, வெல்லம். அப்பாவுக்குச் சிரிப்பே வராது, சொல்வது மட்டும் இப்படி.

29 ஆகஸ்ட், சனி

வெயில். தலைக்குக் குளித்து ஈரத்தோடு பின்னிவிட்டேன். நாளெல்லாம் தலைவலி.

என் உலகத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். பச்சை முகம், நீல முகம், மூக்குக் கண்ணாடி போட்ட முகம். வருகிறார்கள், தாவுகிறார்கள், போய்விடுகிறார்கள். ஒருவரும் முடிக்கவில்லை. ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: வழியே இல்லை, கட்டத் தெரியாதவர் கட்டியது.

கட்டத் தெரியாதவர். நாலைந்து முறை படித்தேன்.

புது உலகங்கள் முதல் பக்கத்தில் ஒன்பது நாள் இருக்கும். அதற்குள் வெளியாள் ஒருவராவது முடிக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், பிறகு யார் கண்ணிலும் படாது. சென்டர் இணைப்பிலிருந்து யார் முடித்தாலும் நானே முடித்ததாகத்தான் எடுத்துக்கொள்ளும். கோமதி சுற்றியது செல்லாது.

அடுத்த சனிக்குள்.

31 ஆகஸ்ட், திங்கள்

ஒவ்வொரு அம்பாகத் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரி. முள்ளைக் குறைத்தேன். காசை நன்றாகத் தெரிகிற இடத்துக்கு நகர்த்தினேன். பயனில்லை.

கோமதி: "வெள்ளக்காரனுக்கு மூச்சு வாங்குது போல. நாலு எடத்துல சுக்குக் காப்பி வையி."

சிரித்தேன். பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை. இதை நான் கட்டினேன் என்று கோமதிக்கும் மு. அக்காவுக்கும் வீட்டுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாமலே போய்விடட்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம் தோன்றவில்லை.

சுடிதார் துணி தைக்கக் கொடுக்க வேண்டும். ஞாபகம்.

2 செப்டம்பர், புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

கோமதியை மறுபடி விளையாடச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தேன். கோயிலிலிருந்து நேராக இடப்பக்கம் ஓடினாள்.

"ஏன்டி லெஃப்ட்ல போற?"
"வேற எந்தப் பக்கம் போவாங்க? மலை சோத்தாங்கை பக்கம் இருக்க வேணாமா? கேக்கறா பாரு."

பிறகு மற்றவர்கள் கட்டிய உலகங்களுக்குள் போனேன். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. எல்லாவற்றிலும் வழி வலப்பக்கம். இடப்பக்கம் வெறும் சுவர். இத்தனை மாதமாக விளையாடுகிறேன், கவனித்ததே இல்லை.

வெளியாள் வந்ததும் பழக்கத்தில் வலப்பக்கம் ஓடுகிறான். அங்கே என் அம்புகள் எல்லாம் கீழ்நோக்கி. அது சுற்றி முடித்து இறங்கி வருகிற பக்கம். எவ்வளவு தாவினாலும் தள்ளிக்கொண்டே இருக்கும். பாவம், எவ்வளவு தாவினார்கள்.

எட்டு லிங்கத்தின் காசையும் முந்தாநாள் துல்லியமாக நகர்த்தியவள், இதை நினைக்கவில்லை. நம்மூரில் யார்தான் நினைப்பார்கள்.

3 செப்டம்பர், வியாழன்

எழுத்துப் பலகை வைக்க முடியாது, பணம் கட்டினால்தான் அந்த பிளாக் தருவார்கள். மஞ்சள் செங்கல்லால் இடப்பக்கம் பார்த்த மாதிரி பெரிய அம்பு வரைந்தேன். அதன்மேல் ஏறி நின்று வலப்பக்கம் தாவினார் ஒருவர்.

கோமதி: "எல்லாத்தையும் திருப்பிப் போட்டுடு. கம்ப்யூட்டர்ல இருக்கறது மலையா, பொம்மையா. யாரு வந்து கேக்கப்போறாங்க?"

சரிதான். உட்கார்ந்து திருப்ப ஆரம்பித்தேன். பாதி ஆனதும் ஓட்டிப் பார்த்தேன். மலை இடது கைப்பக்கம் வந்தது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடப்பதுபோல. சேமிக்காமல் மூடிவிட்டேன்.

மு. அக்கா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "இன்னா, அழிச்சிட்டியா? மூணு மாசமா கட்ன."
"இல்லக்கா. அப்படியே இருக்கு."
"இருக்கட்டும், இருக்கட்டும்." பிரியாணி டப்பாவை என் பக்கம் தள்ளினார். நோன்பு அவருக்கு, எனக்கென்று மட்டும் கொண்டுவந்திருக்கிறார்.

இன்னும் இரண்டே நாள்.

4 செப்டம்பர், வெள்ளி. பௌர்ணமி

மதியத்திலிருந்தே பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள். கடைக்கு எதிரே ஒரு வேன் நின்றது. ஆந்திராவிலிருந்து ஒரு குடும்பம். இறங்கியதும் எந்தப் பக்கம் என்று யாரையும் கேட்கவில்லை. போகிற கூட்டத்தைப் பார்த்தார்கள், பின்னாலேயே போனார்கள். பெரியவர் மட்டும் டீ குடிக்க நின்று, ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார்.

கடைக்குள் வந்தேன். இதுவரை என் உலகத்தை வெளியே இருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று, ஆட்கள் இருக்கும்போது உள்ளே போனதில்லை. இன்று போனேன். கட்டியவர் முகத்துக்குத் தலையில் கிரீடம் இருக்கும், மறைக்க முடியாது.

ஒரு பச்சை முகம் வலப்பக்கத்தில் தாவிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் போய் நின்றேன். இடப்பக்கம் கொஞ்சம் ஓடினேன். திரும்பி வந்தேன். மறுபடி ஓடினேன். வரவில்லை. மூன்றாம் முறை வந்தது. பிறகு ஒரு நீலம். ஒரு கண்ணாடி முகம்.

முதல் அம்பு தூக்கும்போது பச்சை முகம் என் மேலே இடித்துக்கொண்டு வந்தது. முதல் காசு. இரண்டாவது. கண்ணாடி முள்ளில் விழுந்து ஆரம்பத்துக்குப் போய்விட்டது. எல்லாரும் நின்றோம், அது வந்து சேரும்வரை. நான் நின்றதால் நின்றார்கள்.

அப்போது கரண்ட் போயிற்று. யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது.

"மத்ததெல்லாம் ஆஃப் பண்ணு கோமதி," மு. அக்கா. "இவ யாரையோ கூட்டினு போயினு இருக்கா."

ரிசல்ட் பார்க்க வந்தவர் முறைத்தார். அக்கா அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்.

அடி அண்ணாமலை. அப்புறம் இறங்கும் அம்புகள். எதிர்த்துத் தாவிய இடத்திலேயே இப்போது சறுக்கிக்கொண்டு வந்தார்கள். பச்சை முகம் கோயில் வாசலில் விழுந்தது. முடித்தார் என்று மேலே எழுத்து வந்தது. அடுத்து நீலம். கடைசியாகக் கண்ணாடி.

பச்சை முகம் ஆங்கிலத்தில் கேட்டது: இது நீ கட்டியதா?

ஆமாம் என்று அடித்தேன். எந்த ஊர் என்று கேட்டது. ஊர்ப் பெயரை முழுசாக எழுதினேன். நீளமான பெயர் என்றது.

திரை அணைந்தது. கோமதி என் தலையில் தட்டினாள். "பேசறா பாரு, பேசறா."

வீட்டுக்குப் போக பஸ் கிடைக்க நெடுநேரம் ஆனது. கால் வலி. சந்தோஷமாக இருந்தது.

5 செப்டம்பர், சனி

மேகமூட்டம். சுடிதார் துணி கொடுத்தாயிற்று.

உலகம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.

ரோடெல்லாம் வாழைப்பழத் தோல், தண்ணீர் பாக்கெட். பெருக்கி முடித்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். புதிதாக ஒரு சிவப்பு முகம் வந்து, வலப்பக்கம் ஓடித் தாவித் தாவி விழுந்தது. வழி காட்ட நானே போகப் பார்த்தேன். அதற்குள் நேற்றைய பச்சை முகம் எங்கிருந்தோ வந்து அதன் முன்னால் நின்றது. இடப்பக்கம் கொஞ்சம் ஓடியது. திரும்பி வந்தது. மறுபடி ஓடியது.

நான் விசைப்பலகையைத் தொடவில்லை.