இருபத்து மூன்றாவது பட்டன்

பிப்ரவரி 3, திங்கள்

மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். "உடம்பு சரியில்லையா?" என்று இவர் கேட்டார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் கொதிக்கிறது.

மருத்துவமனையில் இன்று முதல் புது மென்பொருள். பதினொரு வருஷமாக முன்பதிவுத் தொலைபேசியில் உட்கார்ந்திருக்கிறேன். இடது காதில் கூப்பிடுகிறவர், வலது காதில் கணினித் திரையை எனக்குப் படித்துச் சொல்லும் குரல். அந்தக் குரலை நான் ஓடவிடும் வேகத்தில் பக்கத்து இருக்கை அக்காவுக்கு அது வெறும் வண்டுச் சத்தம். எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவு. பழைய மென்பொருளில் ஒரு நாளைக்கு நூறு பேருக்கு நேரம் குறித்துக் கொடுப்பேன். அக்கா தொண்ணூறைத் தாண்டியதில்லை.

புதியதைத் திறந்தால் குரல் சொல்கிறது: "பட்டன். பட்டன். படம். பட்டன்." எதற்கும் பெயர் கிடையாது. காலி நேரம் பச்சைக் கட்டமாம், நிரம்பியது சிவப்பாம். நோயாளியின் பெயரை மவுஸால் இழுத்துக்கொண்டு போய்ப் பச்சையில் போட வேண்டுமாம். நான்! பச்சையில்!

மேலாளரிடம் சொன்னேன். "பாக்கலாம்மா, பாக்கலாம்." எதைச் சொன்னாலும் அவருக்கு அதுதான் பதில். எங்கள் அறையில் அவர் பெயரே பாக்கலாம் சார்தான்.

பிப்ரவரி 5, புதன்

மென்பொருள் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது. இளம்பெண் குரல், நல்ல மரியாதை. "பார்வையற்றவங்களுக்குன்னே தனி வசதி வச்சிருக்கோம் மேடம். வலது பக்க மூலையில ஒரு பட்டன் இருக்கும், மவுஸால கிளிக் பண்ணுங்க."

மவுஸால். அக்காவைக் கூப்பிட்டுக் கிளிக் பண்ணச் சொன்னேன்.

எழுத்து பெரிதாயிற்று. பின்னணி மஞ்சளாயிற்று. அதோடு இன்னொரு குரல் வேறு பேச ஆரம்பித்தது. என் குரல் ஒருபுறம் "பட்டன், பட்டன்" என, அந்தக் குரல் மறுபுறம் "எங்கள் சேவைக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என. கூப்பிட்டிருந்தவர் பயந்துபோய், "அங்க என்னம்மா, கல்யாண வீடா?" என்று கேட்டார். அக்கா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறவியிலேயே பார்வை இல்லாதவளுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினால் தெரிந்துவிடும் என்று நினைப்போ?

பிப்ரவரி 6, வியாழன்

இன்று ஒன்பது பேர். ஒன்பதே ஒன்பது.

பிப்ரவரி 11, செவ்வாய்

வழி கண்டுபிடித்துவிட்டேன்! இழுக்காமல், பெயர், தேதி, நேரம் எல்லாவற்றையும் தட்டச்சு செய்யவும் ஒரு பக்கம் ஒளிந்திருக்கிறது. அக்கா திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, பட்டனுக்குப் பட்டன் தாவவைக்கும் டேப் விசையை எண்ணிக்கொண்டே போனேன். இருபத்து இரண்டாவது தட்டலில் நிற்பது "ரத்து". இருபத்து மூன்றாவது "உறுதி". இரண்டையும் என் குரல் "பட்டன்" என்றுதான் சொல்கிறது. ஆகவே எண்ண வேண்டும். கூப்பிடுகிறவர் தன் மூட்டுவலியை விவரித்துக்கொண்டிருக்க, நான் மனசுக்குள் பதினேழு, பதினெட்டு...

மாலைக்குள் எழுபத்தொரு பேர். கை வலிக்கிறது. இருக்கட்டும்.

பிப்ரவரி 12, புதன்

கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "பட்டன்களுக்குப் பெயர் வையுங்கள். நான் எண்ணிக்கையை நம்பி வேலை செய்கிறேன். நீங்கள் ஒரு பட்டனைக் கூட்டினாலும் குறைத்தாலும் நோயாளிகளின் பதிவு ரத்தாகிவிடும்." பாக்கலாம் சாருக்கும் ஒரு பிரதி.

கம்பெனியிலிருந்து பதில்: "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி." மேலான கருத்தாம்! எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது?

பிப்ரவரி 24, திங்கள்



காலையிலிருந்து பதினான்கு பேருக்குக் குறித்தேன். பதினான்கு பேரிடமும் "சரிங்க, உறுதியாயிடுச்சு, வாங்க" என்று சொன்னேன். மதியம் என் பின்னால் வந்து நின்ற அக்கா, "ஏய், என்னடி இது, எல்லாம் ரத்துன்னு செவப்பா நிக்குது?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் மென்பொருளைப் புதுப்பித்திருக்கிறார்கள். பக்கத்தின் உச்சியில் "உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?" என்று ஒரு புதுப் பட்டனாம். எல்லாம் ஒன்று தள்ளிப் போய்விட்டது. இருபத்து மூன்றாவது இப்போது ரத்து. ரத்தானதற்கு ஒரு சத்தம்கூட இல்லை, ஒரு சிவப்புப் பட்டை மட்டும்.

நல்லவேளை, கூப்பிடுகிறவர்களின் எண்ணை நான் தனியாகவும் எழுதிவைப்பேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மறுபடி குறித்தேன். பதின்மூன்று பேர் கிடைத்தார்கள். ஒருவரின் நேரம் அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது, அவர் ஃபோனும் அணைந்திருக்கிறது. மாலை வரை இருபது தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வயிற்று ஸ்கேன், அவர் மனைவிக்கு.

பிப்ரவரி 28, வெள்ளி

வந்துவிட்டார்கள். நாலு நாளாகக் கிடைக்காத ஃபோன், தண்ணீரில் விழுந்துவிட்டதாம். அவர்கள் நேரம்தான் திங்கட்கிழமையே போய்விட்டதே. இரண்டு பஸ் மாறி, அந்த அம்மா முந்தின நாள் ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறார். பட்டியலில் பெயர் இல்லை, அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து என்று சொல்லியிருக்கிறார்கள்.

நானே எழுந்து போனேன். என் குரலைக் கேட்டதும் பெரியவர் கண்டுகொண்டார். "ஏம்மா, நீதானே ஃபோன்ல வாங்கன்னு சொன்ன?" ஆமாம், நான்தான்.

ஸ்கேன் எடுப்பவரிடம் கெஞ்சிக் கூத்தாடி நாலு மணிக்கு ஒப்புக்கொள்ள வைத்தேன். நாலு மணி வரைக்கும் அந்த அம்மா வெறும் வயிற்றோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

என் தவறா இது? எண்ணுவது ஆபத்து என்று தெரிந்துதானே எண்ணினேன்? தெரிந்ததை எழுதியும் அனுப்பினேனே. வேறு என்ன செய்திருக்க முடியும் — கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர?

மார்ச் 3, திங்கள்

பாக்கலாம் சார் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு காகிதம். "ஒண்ணும் இல்லம்மா, சும்மா ஒரு விளக்கக் கடிதம். நானே படிச்சுக் காட்டுறேன்." படித்தார். பதினான்கு பதிவுகள் ரத்தானதற்கு வருந்துகிறேன், இனி இப்படி நேராது. அவ்வளவுதான். கையெழுத்துக்கு வசதியாக வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, என் விரலைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தார். ரொம்பக் கரிசனம்.

எனக்கு என்னவோ பொறி தட்டியது. பையிலிருந்து ஃபோனை எடுத்துக் காகிதத்துக்கு மேல் பிடித்தேன். அச்சடித்த எதையும் படித்துச் சொல்லும் செயலி அதில் இருக்கிறது, அது அவருக்குத் தெரியாது. அது அவர் முன்னாலேயே, அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, படித்தது: "எனது பார்வைக் குறைபாட்டின் காரணமாக மேற்படி தவறு நேர்ந்தது என்பதையும், தொலைபேசிப் பணிக்கு நான் தகுதியற்றவள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்."

ஃபோனை மேசைமேல் வைத்தேன்.

"இந்த வரிய ஏன் சார் விட்டுட்டீங்க?"

"அது... சும்மா ஃபார்மாலிட்டிம்மா."

படிக்கத் தெரியாதவளை ஏமாற்றுவார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். எம்.ஏ. படித்தவளை முகத்துக்கு நேரே ஏமாற்றுகிறான் இந்த ஆள்! கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் என் ஹெட்ஃபோனை வாங்கிக்கொண்டார்கள். முடிவாகும்வரை வெளிக்கூடத்தில் சும்மா உட்கார வேண்டுமாம்.

மார்ச் 4, செவ்வாய்

இவரோடு சண்டை. "போட்டுட்டுப் போயேன். சம்பளம் வருதுல்ல? எதுக்கு வம்பு? உனக்குக் கண்ணு தெரியாதுங்கறது உண்மைதானே?"

கண் தெரியாதது உண்மை. அதனால்தான் தவறு நடந்தது என்பது பொய். பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்கே இந்த வித்தியாசம் புரியவில்லையென்றால் பாக்கலாம் சாரை நான் என்னத்தைச் சொல்ல? கையெழுத்துப் போட்டால் அந்தத் தொலைபேசியை இந்த ஜென்மத்தில் தொட முடியாது. எனக்குப் பின்னால் வருகிற என்னைப் போன்றவளுக்கும் அந்தக் காகிதத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

சாப்பிடாமல் படுத்தேன். இவரும் சாப்பிடவில்லை.

மார்ச் 10, திங்கள்

எட்டு மணி நேரம் நாற்காலி. போகிறவர் வருகிறவரெல்லாம் என்னை நோயாளி என்று நினைத்து, உடம்புக்கு என்ன என்று விசாரிக்கிறார்கள்.

மார்ச் 12, புதன்

மருத்துவமனை இயக்குநருக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி மின்னஞ்சலை இணைத்தேன். அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. தேதி, நேரம், எத்தனையாவது பட்டன் — அவ்வளவுதான். அனுப்புவதற்கு முன் இவரிடம் படித்துக் காட்டினேன். "முன்னாடியே சொல்லிட்டியா நீ? எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

சொன்னேன். அன்று டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 19, புதன்

இயக்குநர் அறையில் கூட்டம். இயக்குநர் அம்மா, பாக்கலாம் சார், கம்பெனியிலிருந்து அந்த இளம்பெண், நான், மேசைமேல் கொண்டுவந்து வைத்த என் கணினி. அந்தப் பெண் ஆரம்பித்தாள்: "எல்லா வசதியும் குடுத்திருக்கோம் மேடம். பழக்கம் வர்ற வரைக்கும் கொஞ்சம் சிரமமா இருக்கும்."

பழக்கமா? எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மேசையைத் தடவி, திரைக்குப் போகிற வயரைப் பிடுங்கிவிட்டேன். "ஐயோ, என்னம்மா பண்றீங்க!" என்றார் பாக்கலாம் சார்.

"சாருக்கு ஒரு பல் டாக்டர் நேரம் குறிச்சுக் குடுங்க," என்றேன் அந்தப் பெண்ணிடம். "நீங்க செஞ்ச மென்பொருள்தானே? உங்களுக்குப் பழக்கம் இருக்குமே."

அவள் டேப்பைத் தட்டினாள். "பட்டன். பட்டன். பட்டன்." வேகத்தைக் குறைக்கச் சொன்னாள், குறைத்தேன். "பட்டன்... பட்டன்..." பத்து நிமிஷம் தட்டிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவளே கேட்டாள், "இதுல உறுதி எதுங்க?"

"அதத்தான் நானும் உங்களக் கேட்டேன். பிப்ரவரி பன்னெண்டாம் தேதி."

அவள் மெதுவாகச் சொன்னாள். "மெயில் எங்கிட்டதான் வந்துச்சு மேடம். அப்புறம் செய்யலாம்னு பட்டியல்ல கீழ போட்டுட்டேன்." பூசி மெழுகாமல் சொன்னாள். அதற்காக மட்டும் அவளை மன்னிக்கலாமா என்று யோசிக்கிறேன். இன்னும் மனசு வரவில்லை.

மார்ச் 21, வெள்ளி

சரிசெய்துவிட்டார்கள். ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர். காலி என்றால் "காலி" என்று சொல்கிறது. ரத்தானால் "ரத்தானது" என்று சத்தமாகச் சொல்கிறது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

அரை நாளாம்.

அரை நாள்! அதற்காகத்தான் அந்த அம்மா நாலு மணி வரை பட்டினி கிடந்தார். அதற்காகத்தான் நான் மூன்று வாரம் வெளிக்கூடத்துச் சுவருக்குக் காவல் இருந்தேன். 

மார்ச் 25, செவ்வாய்

மறுபடி தொலைபேசி. தொண்ணூற்றாறு பேர்.

போகிற போக்கில் பாக்கலாம் சார், "அந்தக் கடிதத்த மறந்துடுங்கம்மா" என்றார். மறக்க முடியாது, கையில் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். ஃபோனைப் பிடித்து அதே கடிதம்தானா என்று கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகுதான் கிழித்தேன். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. வரும் என்று நானும் காத்திருக்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

இன்று ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். தோல் மருத்துவருக்குப் பதினைந்தாம் தேதி கேட்ட ஒருவருக்குப் பதினாறு போட்டுவிட்டேன். அவர் சரியாகத்தான் சொன்னார். குரலும் "பதினாறு" என்று தெளிவாகத்தான் படித்தது. என் புத்திதான் வீட்டில் ஒழுகுகிற குழாயில் இருந்தது.

பாக்கலாம் சார் வந்து நின்றார். நான் ஹெட்ஃபோனைக் கழற்றினேன். "பதினஞ்சுக்கு பதிலா பதினாறு போட்டிருக்கீங்க."

"ஆமா சார். நான்தான். வேற நெனப்புல இருந்தேன்."

"சரி, கூப்பிட்டுச் சொல்லிடுங்க." அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் அக்காவின் மேசையில் நின்று அவளை எதற்கோ கடிந்துகொண்டிருந்தார்.

மாலை ஐந்து மணி வரை காத்திருந்தேன். யாரும் காகிதம் நீட்டவில்லை. கிளம்புவதற்கு முன் கணினியில் பிழைப் பதிவேட்டைத் திறந்து நானே படித்தேன். அக்காவின் பெயர், இந்த மாதம் இரண்டு தடவை, காரணம்: கவனக்குறைவு. அதற்குக் கீழே என் பெயர், ஒரு தடவை. காரணம்: கவனக்குறைவு. அந்த வரியை மூன்று தடவை படிக்கவிட்டுக் கேட்டேன்.