மூன்று பகல் ரோடும் ஏழு பாட்டில் தண்ணீரும்

புதிய வீடு,
ஞாயிறு காலை.

அன்புள்ள என்ஜின்காரருக்கு,

நாங்கள் மூவரும் முழுசாக இருக்கிறோம். இப்போதுதான் ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். இது உங்கள் கைக்கு வரும்போது கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்குமோ தெரியாது. கம்பெனி ஆபீசில் கொடுத்தால் அடுத்த கரையில் சேர்த்துவிடுவோம் என்கிறார்கள்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் போனில் நீங்கள், "தனியா வண்டிய எடுத்துட்டுக் கிளம்பிடாத, யாரையாவது கூட்டிக்கோ" என்றீர்கள். நானும் உம் கொட்டினேன். யாரையும் கூட்டிக்கொள்ளவில்லை. என் மாற்றலுக்காகச் சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, நம் பழைய காரில் நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் மட்டும் கிளம்பி, மூன்று பகல் ஓட்டி, நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்தோம். நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு பதினோரு மாதம்தான் ஆகிறது என்று நீங்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

என் தம்பி லீவு கூடப் போட்டிருந்தான். "அக்கா, நீ பின்னாடி உக்காந்து பசங்களப் பாத்துக்க, நான் ஓட்டுறேன்" என்றான். வேண்டாம் என்றேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். ஏன் வேண்டாம் என்றேன் என்பதை இந்தக் கடிதத்திலேயே சொல்கிறேன். அதற்கு முன் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஒரு மணி நேரத்தில் பொடியன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். அதற்குப் பிறகு மூன்று நாளும் குதிரை மாதிரி இருந்தான். மூன்றரை வயதுக்கு அவனுக்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும். வண்டி எங்கே நின்றாலும் கண்ணாடியை இறக்கச் சொல்லி, எதிரில் நிற்கிறவரிடம், "உங்க வீடு எங்க இருக்கு?" என்பான். பெட்ரோல் போடும் பெண் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்று கை காட்டினாள். ஒரு லாரிக்காரர் யோசித்துவிட்டு, "இப்போதைக்கு இந்த சீட்டுதான் தம்பி" என்றார். ரோடு வேலை நடந்த இடத்தில் கொடி காட்டிக்கொண்டிருந்த பெரியவர், வண்டிகளை நிறுத்தி வைத்துவிட்டு, வீட்டுக் கூரையின் நிறம் முதற்கொண்டு சொல்லத் தொடங்கிவிட்டார். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

நம் மகள் வக்கீல் வேறு தினுசு. ஏழு வயதாகியும் நீங்கள் வைத்த அந்தப் பெயருக்குக் குறை வைக்காமல்தான் இருக்கிறாள். நீங்கள் போன பிறகு அவள் உங்களோடு போனில் பேச மறுப்பதைப் பற்றி நான் அதிகம் சொன்னதில்லை. போனை நீட்டினால் அவளுக்கு உடனே பாத்ரூம் வந்துவிடும். தூங்கிவிட்டாள் என்று உங்களிடம் சொன்னதெல்லாம் நான் சொன்ன பொய்.

கிளம்பும்போது என் சோதனைக்கூடத்தில் கழித்துப் போட்ட அரை லிட்டர் சாம்பிள் பாட்டில்கள் ஏழு, டிக்கியில் கிடந்தன. அவள் கண்ணில் பட்டுவிட்டன. "எல்லா ஊர்த் தண்ணியும் ஒண்ணுதானாம்மா?" என்று கேட்டாள். நான் பன்னிரண்டு வருஷமாகக் குடிநீர் வாரியத்தில் அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இல்லை என்றேன். அப்படியானால் நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போய்ப் புது ஆபீசில் பார்த்துவிடலாம் என்று தீர்ப்புச் சொன்னாள். ஒவ்வொரு பாட்டிலிலும் சீட்டு ஒட்டி, எங்கே பிடித்தது, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது என்று எழுதினாள்.

அதோடு விடவில்லை. சாப்பிட நிறுத்திய கடை ஒன்றில், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலாளியைக் கேட்டாள். குழாயிலிருந்து என்றார். குழாய்க்கு எங்கிருந்து வருகிறது என்றாள். பத்தொன்பது வருஷமாகக் கடை நடத்துகிற மனிதர், பாவம், முழித்தார். பிறகு கல்லாவை மனைவியிடம் விட்டுவிட்டு, குழாய் போகிற வழியைப் பிடித்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். கால் மணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்து, "அந்த செங்கல் சூளைக்குப் பின்னால ஒரு கிணறு இருக்கும்மா, எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்" என்றார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சீட்டில் இடம் போதவில்லை என்று வக்கீல் இரண்டு சீட்டு ஒட்டினாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் நடந்ததை எழுத வேண்டும். பயப்படாமல் படியுங்கள்.

ஒரு மணி நேரமாக வீடு, கடை எதுவும் இல்லாத ரோடு. என்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டதை நான் பார்க்கவில்லை. வக்கீல்தான் பின்னாலிருந்து, "அம்மா, அந்த முள்ளு ஏன் அங்க போயிருக்கு?" என்றாள். ஓரம் கட்டுவதற்குள் பானெட்டிலிருந்து புகை மாதிரி ஆவி. பிள்ளைகளை இறக்கி ஒரு விளம்பரப் பலகையின் நிழலில் நிறுத்தினேன். போனில் ஒரு கோடு கூடச் சிக்னல் இல்லை. பொடியன் வண்டியைப் பார்த்து, "டீ போடுதா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பி இருந்திருந்தால் என்று நினைத்தேன். நீங்கள் இருந்திருந்தால் என்றும் நினைத்தேன், அது எனக்குப் பிடிக்கவில்லை. பானெட்டைத் திறந்து எதையாவது செய்துவிட வேண்டும் என்று ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன்.

அப்போதுதான் வக்கீல் சொன்னாள். "அப்பா முதல்ல எதையும் தொட மாட்டாரும்மா. கைய பின்னாடி கட்டிக்கிட்டு சுத்திச் சுத்திப் பார்ப்பாரு."

நீங்கள் போன இந்த எட்டு மாதத்தில் அவள் வாயிலிருந்து அப்பா என்ற சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். நம் மிக்சியை நீங்கள் ரிப்பேர் பார்த்தபோது அவளுக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை. எங்கேயோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சரி என்று நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவளும் கட்டிக்கொண்டாள். பொடியனுக்குக் கை எட்டவில்லை, சட்டையைப் பிடித்துக்கொண்டான். அந்த வெயிலில் நாங்கள் மூன்று பேரும் காரைச் சுற்றி வந்ததை யாராவது பார்த்திருந்தால் வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள். மூன்றாவது சுற்றில் கீழே ஈரம் தெரிந்தது. குனிந்து பார்த்தால், ரேடியேட்டரின் கீழ்க் குழாயைப் பிடித்திருக்கிற வளையம் தளர்ந்து, சொட்டிக்கொண்டிருந்தது.

ஆறுவதற்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பிறகு பழம் வெட்டுகிற கத்தி முனையால் வளையத்தின் திருகாணியை இறுக்கினேன். சொட்டு நின்றது. ஆனால் உள்ளே தண்ணீர் வேண்டுமே. எங்களிடம் குடிக்க இருந்தது ஒரு கேன்தான், அடுத்த ஊர் எத்தனை தூரமோ தெரியாது. நான் டிக்கியைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"அது சாம்பிள். சாம்பிள ஒண்ணோட ஒண்ணு கலக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளே போய் ஒவ்வொன்றாக எடுத்து வந்து, சீட்டைச் சத்தமாக வாசித்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். பாலத்துக்குக் கீழே, ஒன்பதே கால். செங்கல் சூளைக் கிணறு, கடைக்கார மாமா. லாரி மாமா கேன். ஏழையும் ரேடியேட்டர் குடித்துவிட்டது. அவள் கண் கலங்கியிருந்தது. நான் பார்க்காத மாதிரி மூடியைத் திருகினேன்.

மெதுவாக ஓட்டி ஒரு மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தோம். அவர் எட்டிப் பார்த்து, "யாரு டைட் பண்ணது? நல்லாத்தான் பண்ணிருக்காங்க" என்றார். வளையத்தை மாற்றிக் கொடுத்தார். நான் என்னவோ பரீட்சையில் தேறினவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் அவள் கேட்டாள். கப்பல் என்ஜின் சூடானால் எந்தத் தண்ணீரை ஊற்றுவார்கள்? கடல் தண்ணீரையா? உப்பு துருப்பிடிக்காதா? தெரியாது என்றேன். "அப்ப அவரக் கேட்டு எழுது" என்றாள். கேட்டுவிட்டேன். பதிலை அவள் பெயருக்கே தனித் தாளில் எழுதுங்கள். மழுப்பினால் கண்டுபிடித்துவிடுவாள், படம் போட்டு எழுதினால் நல்லது.

இனி என் விஷயம்.

சாமான் கட்டுவதற்கு முதல் நாள் உங்கள் பெயருக்குக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. லீவு விவரமாக இருக்கும் என்று பிரித்துவிட்டேன். மேலும் ஒன்பது மாதம் இருக்கத் தாங்கள் எழுதிக் கொடுத்த விருப்பத்தை ஏற்றுக்கொண்டோம் என்று இருந்தது. போனில் நீங்கள், "கம்பெனி விட மாட்டேங்குது" என்றீர்கள்.

அந்தக் காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தம்பி ஓட்ட, பின் சீட்டில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்து வர என்னால் ஆகாது என்று தோன்றியது. ஸ்டீயரிங்கைப் பிடித்தால் கைக்கு வேலை இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது. முதல் நாள் முழுக்கக் கோபத்தில்தான் ஓட்டினேன். அது எங்கே இறங்கிக்கொண்டது என்று தெரியவில்லை. வந்து சேர்ந்தபோது தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான் மிச்சம் இருந்தது. எழுதிக் கொடுத்தபோது என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? வீட்டில் இருப்பதைவிட அங்கே உங்களுக்கு மனசு லேசாக இருக்கிறதா? வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் போய்விட்டதா? எதுவானாலும் எழுதுங்கள். போனில் கேட்டால் உடனே ஏதாவது ஒரு பதிலைச் சொல்லிவிடுவீர்கள், அதனால்தான் கடிதம். கேட்டுக்கொள்ள என்னால் முடியும்.

வீடு சின்னதுதான், ஆனால் வெளிச்சம். சமையலறை ஜன்னலில் நின்றால் என் ஆபீசின் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. பொடியன் காலையிலிருந்து ஒவ்வொரு அறையாகப் போய், "இது நம்ம வீடா?" என்று கேட்டுவிட்டு வருகிறான். வக்கீலுக்கு உள் அறையைக் காட்டினேன், பெரிய அறை, காற்று வரும். வேண்டாம் என்றாள். வாசல் கதவை ஒட்டி, செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன அறைதான் வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் காரணம் சொல்கிறவள் இதற்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என்ஜின் அறைச் சூட்டில் நேரத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். போகிற கடலெல்லாம் உங்களுக்கு அமைதியாக இருக்கட்டும். புது விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பச்சைக் கதவு. அழைப்பு மணி வேலை செய்யவில்லை, தட்டினால் போதும். மெதுவாகத் தட்டினாலும் அவளுக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள்,
பிள்ளைகளின் அம்மா.